மூச்சு வழியே மூளைக்கு

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் வண்டிகளில் எரிபொருள் முழுதாக எரிவதில்லை. எரியாமல் மிஞ்சியது புகையாக வெளியேறி, மலைகளைத் தாண்ட முடியாமல் ஊருக்குள்ளேயே தேங்குகிறது. 1992இல் உலகிலேயே காற்று மிகவும் கெட்டுப்போன நகரம் என்று ஐநா அதைச் சுட்டிக்காட்டியது. அந்த ஊரில் ஆய்வு செய்துவந்த மருத்துவர் லிலியன் கால்டெரோன் கார்சிடுவெனாஸ், புகை அதிகமான பகுதிகளில் வாழ்ந்த வயதான நாய்களிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். பழகிய இடத்திலேயே அவை திசை தெரியாமல் தடுமாறின. சில நாய்களுக்கு, வளர்த்தவரையே அடையாளம் தெரியவில்லை.

இறந்த நாய்களின் மூளையை அவர் ஆராய்ந்தார். ஒப்பிட்டுப் பார்க்க, காற்று அவ்வளவு கெடாத த்லஸ்காலா மாநிலத்து நாய்களையும் எடுத்துக்கொண்டார். 2002, 2003ஆம் ஆண்டுகளில் அந்த முடிவுகள் வெளிவந்தன. தலைநகரத்து நாய்களுக்கு மூக்கின் உட்தோல் சிதைந்திருந்தது. மூக்கை ஒட்டி, வாசனையை உணரும் மூளைப்பகுதியின் செல்களில் மரபணுச் சேதம் இருந்தது. ரத்தத்தில் வரும் நச்சுகள் மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்பும் பழுதாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படும் அமிலாய்டு என்ற புரதம், த்லஸ்காலா நாய்களைவிட இவற்றின் மூளையில் அதிகமாகப் படிந்திருந்தது.

அதுவரை காற்று மாசு என்றால் இருமல், ஆஸ்துமா, நுரையீரல், இதயம் என்றுதான் மருத்துவ உலகம் பேசிக்கொண்டிருந்தது. மூளை அந்தப் பேச்சில் இல்லை. கார்சிடுவெனாஸ் பிறகு மெக்சிகோ நகரவாசிகளின் மூளைகளையும் உடற்கூறாய்வில் பார்த்து, அங்கும் அழற்சியும் அமிலாய்டும் கூடுதலாக இருப்பதாக 2004இல் எழுதினார். அவர் ஆராய்ந்த மூளைகளின் எண்ணிக்கை குறைவு. சிறுவர்களிடமே அல்சைமரின் தொடக்கம் தெரிகிறது என்று அவர் பின்னாளில் சொன்னதை ஏற்கத் தயங்கும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை அதன் பிறகு யாராலும் ஒதுக்க முடியவில்லை.

டிமென்ஷியா என்பது பல நோய்களுக்குமான பொதுப்பெயர். நினைவு, சிந்தனை, பேச்சு, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் எல்லாம் படிப்படியாகக் குறைவதை அது குறிக்கிறது. சாவியை வைத்த இடம் மறப்பது முதுமையின் இயல்பு. சாவி எதற்கு என்பதே மறந்துபோவது நோய். அல்சைமர் இதில் மிகப் பரவலானது. மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபடுவதாலும் பழுதாவதாலும் வருவது இன்னொரு வகை. லூயி துகள்கள் என்ற புரதக் கட்டிகளால் வருவது வேறொன்று. முதியவர்கள் பலருக்கு இவை கலந்தே இருக்கும். 2021இல் உலகில் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. அந்த வயதினரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல்.

காற்று மாசில் மூளைக்கு அதிகம் தொடர்புள்ளதாகப் பேசப்படுவது பிஎம் 2.5 என்ற நுண்துகள். விட்டம் 2.5 மைக்ரானுக்கும் குறைவான எல்லாத் துகள்களும் இதில் அடங்கும். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. டீசல் புகை, நிலக்கரி அனல்மின் நிலையம், செங்கல் சூளை, விறகு அடுப்பு, எரியும் குப்பை, பிரேக்கும் டயரும் தேய்ந்து கிளம்பும் பொடி என்று பல இடங்களிலிருந்து இது வருகிறது. ஓரிடத்தில் பெரும்பாலும் கரி, இன்னோரிடத்தில் சல்பேட், மற்றோரிடத்தில் உலோகம் என்று உள்ளடக்கமும் மாறும். அளவை மட்டும் வைத்து ஒரே பெயரில் அழைப்பதால் இது ஒரே பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய தூசியை மூக்கின் மயிரும் சளியும் தடுத்துவிடும். இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

அங்கிருந்து மூளைக்கு எப்படிப் போகிறது? இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று நேர்வழி. மூக்கின் உச்சியில் சல்லடைபோல் ஓட்டைகளுள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. வாசனையை உணரும் நரம்பு இழைகள் அந்த ஓட்டைகள் வழியே ஏறி நேரே மூளையைத் தொடுகின்றன. வெளிக்காற்றுக்கும் மூளைக்கும் இவ்வளவு நெருக்கம் உடலில் வேறெங்கும் கிடையாது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் குந்தர் ஓபர்டோர்ஸ்டர் குழுவினர் எலிகளை மிக நுண்ணிய கரித்துகள்களைச் சுவாசிக்க வைத்தபோது, அந்தக் கரி எலிகளின் வாசனை மூளைப்பகுதியில் சேர்ந்திருந்தது. அது 2004இல் வெளியான ஆய்வு. அல்சைமர் நோயாளிகள் பலர், நினைவு தடுமாறுவதற்கு முன்பே வாசனை அறியும் திறனை இழக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டுக்கும் உறவு உண்டென்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

மனித மூளைக்குள் துகள் உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்விக்கு 2016இல் ஒரு பதில் கிடைத்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மாஹெர், மான்செஸ்டரிலும் மெக்சிகோ நகரத்திலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத்திசுவைச் சோதித்தார். மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் அங்கே இருந்தன. உடல் தானாகவே சிறிதளவு மேக்னடைட்டை உருவாக்கும். ஆனால் அது கூர்முனைகளுள்ள படிகமாக இருக்கும். மாஹெர் கண்டவற்றில் பெரும்பாலானவை உருண்டை. கடும் வெப்பத்தில் உருகி ஆறினால்தான் அந்த வடிவம் வரும். கூடவே பிளாட்டினம், நிக்கல் போன்ற உலோகங்களும் இருந்தன. வண்டியின் புகைக்குழாயிலிருந்தும் உரசும் பிரேக்கிலிருந்தும் வருகிற துகள்களின் அங்க அடையாளங்கள் இவை. இந்தத் துகள்களே அல்சைமரை உண்டாக்கின என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. தெருவில் கிளம்பிய உலோகம் மனித மூளை வரை போகிறது என்பதை அது கண்ணெதிரே காட்டியது.

இரண்டாவது வழி சுற்றுவழி. என் பார்வையில் அதுவே முக்கியமானதும்கூட. துகள் மூளைக்குப் போகவே வேண்டியதில்லை. நுரையீரலில் தங்கி அழற்சியை மூட்டினால் போதும். அந்த அழற்சியின் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றும். ரத்த அழுத்தம் ஏறும், குழாய்களில் கொழுப்புப் படிவு தடிக்கும், ரத்தம் உறையும் போக்கு கூடும். மூளையில் காவல் வேலை செய்யும் மைக்ரோகிளியா செல்கள் ஓயாமல் தூண்டப்பட்டு, கடைசியில் நல்ல நரம்புகளையே சேதப்படுத்தத் தொடங்கும். ஸ்டாக்ஹோம் நகரின் குங்ஸ்ஹோல்மென் பகுதியில் சுமார் 2,900 முதியவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வு 2020இல் வெளியானது. காற்று மாசோடு தொடர்புடைய டிமென்ஷியாவில் ஏறக்குறைய பாதி, பக்கவாதம் என்ற படியைக் கடந்தே வந்தது என்று அது காட்டியது. ஸ்டாக்ஹோமின் காற்று உலகின் சுத்தமான நகரக் காற்றுகளில் ஒன்று என்பதை மறக்கக் கூடாது. அங்கேயே இந்தத் தொடர்பு தெரிந்தது. பிரிட்டிஷ் அரசுக்கு ஆலோசனை சொல்லும் காற்று மாசு மருத்துவக் குழுவும் 2022இல் ஏறக்குறைய 70 ஆய்வுகளை அலசி, மாசு அறிவுத்திறன் சரிவுக்கும் டிமென்ஷியாவுக்கும் காரணமாக இருக்கக்கூடும், அது பெரும்பாலும் இதயம், ரத்தக்குழாய்கள் வழியாகவே நடக்கிறது என்ற முடிவுக்கு வந்தது.

2025 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதில் புதிய திசையைத் திறந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள், அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீட்டிலிருந்து 5.65 கோடிப் பேரின் தரவைப் பார்த்தார்கள். பிஎம் 2.5 அதிகமுள்ள இடங்களில் லூயி துகள் டிமென்ஷியாவுக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் அதிகம். பிறகு எலிகளுக்கு பிஎம் 2.5 நுண்துகளை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். சாதாரண எலிகளின் மூளை சுருங்கியது, நினைவு குறைந்தது. லூயி துகள்களின் மூலப்பொருளான ஆல்பா சினுக்ளின் புரதம் இல்லாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்கோ அந்தச் சேதம் நேரவில்லை. மாசு எந்தப் புரதத்தின் மேல் வேலை செய்கிறது என்று விரல் நீட்டிக் காட்டும் ஆய்வுகள் இந்தத் துறையில் குறைவு. அதனால் இதற்கு மதிப்பு அதிகம்.

இனி மனிதர்களின் எண்ணிக்கைக்கு வருவோம். செய்தித் தலைப்புகளில் மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அரசு மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் உண்டு. யாருக்கு என்ன நோய், எங்கே குடியிருப்பு என்ற பதிவு இருக்கிறது. ஹோங் சென் தலைமையிலான குழு 66 லட்சம் பேரை 2001 முதல் 2012 வரை பின்தொடர்ந்தது. அந்தக் காலத்தில் அவர்களில் 2,43,611 பேருக்கு டிமென்ஷியா வந்தது. பெரிய சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு, 300 மீட்டருக்கு அப்பால் இருந்தவர்களைவிட அபாயம் 7 விழுக்காடு அதிகம். 50 முதல் 100 மீட்டர் வரை 4 விழுக்காடு, 200 மீட்டர் வரை 2 விழுக்காடு. அதற்கு மேல் வேறுபாடு மறைந்துவிட்டது. பெருநகரத்தில், வீடு மாறாமல் சாலையோரமாகவே இருந்தவர்களுக்கு 12 விழுக்காடு. ‘லான்செட்’ இதழில் 2017இல் வெளியான இந்த முடிவில் என்னை நிறுத்தியது அந்தப் படிக்கட்டு. தூரம் கூடக் கூட அபாயம் ஒழுங்காக இறங்குகிறது. தற்செயலாக வந்த வேறுபாடு இப்படி வரிசையாக இறங்குவது அரிது.

7 விழுக்காடு அதிகம் என்றால் நூறில் ஏழு பேருக்குப் புதிதாக நோய் வரும் என்று பொருள் கிடையாது. ஒரு கணக்குக்கு, சாலையிலிருந்து தள்ளியிருக்கும் ஆயிரம் முதியவர்களில் பத்தாண்டுகளில் 100 பேருக்கு டிமென்ஷியா வருவதாக வைத்துக்கொள்வோம். சாலையோரத்து ஆயிரம் பேரில் அது 107 ஆகும். தனி ஒருவருக்கு இது சிறிய மாற்றம். நெடுஞ்சாலையோரம் வாழ்கிறோமே என்று எவரும் இரவு தூக்கத்தை இழக்கத் தேவையில்லை. ஆனால் இதையே கோடிக்கணக்கான மக்கள்மேல் வைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு ஏழு குடும்பங்கள் கூடுதலாக இந்த நோயைச் சுமக்கின்றன. வேலையை விட்டுவிட்டுத் தாயைக் கவனிக்கும் மகள், இரவெல்லாம் கதவருகே படுத்திருக்கும் மருமகள், தன்னை யாரென்று கேட்கும் மனைவிக்கு உணவூட்டும் எண்பது வயதுக்காரர் எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஒன்டாரியோ ஒரு இடம்தான். 2025 ஜூலையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு, 51 ஆய்வுகளில் இடம்பெற்ற 2.9 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் தரவை ஒன்றாகப் பார்த்தது. நீண்டகாலச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 10 மைக்ரோகிராம் பிஎம் 2.5 கூடினால் டிமென்ஷியா அபாயம் 17 விழுக்காடு கூடுகிறது. வண்டிப்புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு அதே 10 மைக்ரோகிராமுக்கு 3 விழுக்காடு. புகைக்கரிக்கு ஒரே ஒரு மைக்ரோகிராமுக்கு 13 விழுக்காடு.

இதை எதிர்த்துக் கேட்கக்கூடிய நல்ல கேள்விகள் உண்டு. சாலையோரத்தில் யார் குடியிருப்பார்கள்? வாடகை குறைவு என்பதால் வசதி குறைந்தவர்கள். படிப்புக் குறைவு, சத்துக்குறைவு, சிகிச்சை பெறாத நீரிழிவு எல்லாமே டிமென்ஷியாவுக்குத் தனித்தனிக் காரணங்கள். அப்படியானால் குற்றவாளி புகையா, வறுமையா? வருமானம், கல்வி, புகைப்பழக்கம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் கழித்துப் பார்க்கிறார்கள். முழுதாகக் கழிக்க முடியாது. இரைச்சலும் தூக்கத்தைக் கெடுத்து மூளையைப் பாதிக்கும், சாலையோரத்தில் அதையும் புகையையும் பிரிப்பது கடினம். மறுபக்கம், அபாயத்தைக் குறைத்துக் காட்டும் பிழைகளும் இருக்கின்றன. மாசு அதிகமான ஊரில் இதயநோயால் முன்கூட்டியே இறப்பவர்கள் டிமென்ஷியா வரும் வயதை எட்டுவதே இல்லை, அதனால் கணக்கில் வராமல் போகிறார்கள். மருத்துவப் பதிவேட்டை மட்டும் நம்பும் ஆய்வுகள், நோய் இருந்தும் மருத்துவரிடம் போகாதவர்களை விட்டுவிடுகின்றன. 2023இல் ஹார்வர்டு குழு செய்த தொகுப்பாய்வில், பங்கேற்றவர்களை நேரில் சோதித்து நோயைத் தேடிய ஆய்வுகளில், பதிவேட்டு ஆய்வுகளைவிடத் தொடர்பு பல மடங்கு வலுவாகத் தெரிந்தது.

வறுமையா புகையா என்ற சிக்கலை அவிழ்க்க அமெரிக்கப் பொருளியலாளர்கள் கெல்லி பிஷப், ஜோனதன் கெட்சம், நிக்கோலாய் குமினோஃப் மூவரும் ஒரு நல்ல வழி கண்டார்கள். நுண்துகள் வரம்பை மீறிய மாவட்டங்கள் காற்றைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று 2005 முதல் அங்கே சட்டம் கட்டாயப்படுத்தியது. வரம்புக்குச் சற்று மேலே இருந்த மாவட்டமும் சற்றுக் கீழே இருந்த மாவட்டமும் மற்றபடி ஒன்றுபோல இருக்கக்கூடியவை. மக்களின் வருமானமோ பழக்கமோ மாறியதால் அங்கே காற்று மாறவில்லை, சட்டத்தால் மாறியது. ஆய்வாளர்கள் திட்டமிடாமல் தானாகவே அமைந்த சோதனை என்று இதைச் சொல்லலாம். 65 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, பத்தாண்டுச் சராசரியில் நுண்துகள் கூடிய இடத்தில் டிமென்ஷியாவும் கூடியது தெரிந்தது. அரசு பாதுகாப்பானது என்று வைத்திருந்த வரம்புக்குக் கீழேயும் அந்தத் தொடர்பு நீடித்தது.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது 2022இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு. 74 முதல் 92 வயது வரையிலான, டிமென்ஷியா இல்லாத 2,239 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாழ்ந்த இடங்களில் முந்தைய பத்தாண்டுகளில் காற்று எவ்வளவு சுத்தமானது என்று பார்த்தார்கள். நுண்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அதிகம் குறைந்த இடங்களில், பின்வந்த ஆண்டுகளில் டிமென்ஷியா அபாயம் சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இனி என்ன செய்தாலும் பயனில்லை என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். இந்தப் பெண்களின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் இயங்கும் ‘லான்செட்’ டிமென்ஷியா ஆணையம், தடுக்கக்கூடிய காரணங்களின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறது. 2017இல் அதில் ஒன்பது காரணங்கள், காற்று மாசு இல்லை. 2020இல் சேர்க்கப்பட்டது. 2024 பட்டியலில் பதினான்கு காரணங்கள். அவை எல்லாவற்றையும் நீக்கினால் உலகில் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. அதில் காற்று மாசின் பங்கு 3 விழுக்காடு. காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7, இளமையில் கல்வி இல்லாமைக்கு 5. காற்று மாசு பட்டியலின் உச்சியில் இல்லை. ஆனால் நீரிழிவுக்கும் புகைபிடித்தலுக்கும் அதில் தலா 2 விழுக்காடுதான். சர்க்கரையை மருந்தால் கட்டுப்படுத்தலாம், பீடியை விடலாம், காதுக்குக் கருவி வாங்கலாம். மூச்சை ஒருவர் நிறுத்த முடியாது. மற்ற காரணங்களில் மருத்துவர் நோயாளியிடம் அறிவுரை சொல்ல முடிகிறது. இதில் அறிவுரை கேட்க வேண்டியவை அரசும் தொழிற்சாலையும் போக்குவரத்துத் துறையும்.

இதுவரை சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. அங்கே நுண்துகளின் ஆண்டுச் சராசரி பெரும்பாலும் 15 மைக்ரோகிராமுக்குள். டெல்லியில் அது சில ஆண்டுகளாகவே 90க்கு மேல். சென்னை டெல்லி அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 5 மைக்ரோகிராம் என்ற வரம்பைப் போல் பல மடங்கு. குறைந்த அளவில் கண்ட கணக்கை அப்படியே நீட்டி, டெல்லியில் இத்தனை மடங்கு நோய் என்று பெருக்கிச் சொல்வது தவறு. அளவு கூடக் கூட, கூடுதல் துகளால் வரும் கூடுதல் தீங்கு சற்றுத் தணியவும் கூடும்.

நம் நாட்டில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று அடுக்களை. விறகு, சுள்ளி, வறட்டி எரியும் மூடிய சமையலறையில் நுண்துகள் அளவு, நெரிசலான சாலையைவிடப் பல மடங்கு கூடும். ஊதுகுழலோடு அடுப்பின் முன் குந்தியிருக்கும் பெண்ணின் முகம் புகையிலிருந்து ஓரடி தூரத்தில் இருக்கிறது, அதுவும் பத்து வயதிலிருந்து எழுபது வயது வரை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுரா கிராமங்களில், இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் பல ஆண்டுகளாக முதியவர்களைத் தொடர்ந்து சோதித்துவருகிறது. புகை வரும் அடுப்பைப் பயன்படுத்தியவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்கள் குறைவாக இருந்ததை அந்த ஆய்வு 2025இல் வெளியிட்டது. பெண்களுக்கு, நினைவைச் சேமிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியும் சிறுத்திருந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் 12 லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வில், காட்டுத்தீப் புகையிலிருந்து வந்த நுண்துகள் ஒரு மைக்ரோகிராம் கூடினால் டிமென்ஷியா வாய்ப்பு 18 விழுக்காடும், மற்ற நுண்துகள் அதே அளவு கூடினால் 1 விழுக்காடும் கூடியதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். காட்டுத்தீயும் அடுப்பும் ஒன்றாகாது. என்றாலும் மரப்புகை இயற்கையானது, கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையை விட்டுவிட இது போதும்.

2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு போனது. இணைப்பு இருந்தும், அடுத்த சிலிண்டருக்குப் பணம் இல்லாமல் வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகுக்கே திரும்பும் வீடுகள் ஏராளம். சிலிண்டர் விலையைக் குடும்பச் செலவு என்று மட்டும் பார்க்கிறோம். அந்த வீட்டுப் பெண்களின் மூளைநலமும் அதில் இருக்கிறது. எரிவாயு மானியம் பற்றிய விவாதத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

ஒரு வீட்டால் செய்ய முடிந்தவை உண்டு. விறகு அடுப்பைத் தவிர்க்க முடியாவிட்டால் புகைபோக்கி வைப்பது, அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுவது, சமைக்கும்போது சன்னலைத் திறந்து வைப்பது எல்லாமே பயன் தரும். மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து தீரும்போது வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை அதைவிட எவ்வளவோ மேல். காலை நடைக்குப் பிரதான சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே போனாலே காற்று மாறும். துணியையோ துப்பட்டாவையோ முகத்தில் கட்டிக்கொள்வது பெரிய தூசிக்கு உதவும், நுண்துகளைப் பிடிக்காது. அதற்கு என்95 வகை முகக்கவசம் முகத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். பக்கவாதம் வழியாகவே பாதிச் சேதம் வருகிறது என்பதால், புகை அதிகமான இடத்தில் வாழ்பவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவது மற்றவர்களைவிடவும் முக்கியம். இதை மருத்துவர்கள் சொல்ல நான் அதிகம் கேட்டதில்லை. சொல்ல வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே மறதி நோயோடு ஒருவர் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடந்தகாலத்தைத் தோண்ட வேண்டாம். அந்த வீட்டில் குடியேறாமல் இருந்திருக்கலாமோ, அம்மாவை அந்த அடுப்பிலிருந்து முன்பே எழுப்பியிருக்கலாமோ என்ற குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. இந்த ஆய்வுகள் பேசுவது லட்சக்கணக்கானவர்களின் சராசரியை. குறிப்பிட்ட ஒருவருக்கு நோய் வந்தது புகையாலா, வயதாலா, மரபணுவாலா என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மீதி எல்லாம் பொதுவில் செய்ய வேண்டியவை. முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடம் தேர்ந்தெடுக்கும்போது நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கலாம். ஒன்டாரியோவில் வேறுபாடு மறைந்த 200 மீட்டர் ஒரு நல்ல தொடக்கம். 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்கும் உள்ளன. ஆனால் அந்தத் திட்டத்தில் நகரங்கள் எவ்வளவு முன்னேறின என்று அளப்பது பிஎம் 10 என்ற பெரிய தூசியை வைத்து. பணத்தின் பெரும்பகுதியும் சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தவே போயிருக்கிறது. சாலையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தால் அந்த எண் குறையும். மூளைக்குப் போகும் துகளோ புகைக்குழாயிலிருந்தும் கொதிகலனிலிருந்தும் எரியும் குப்பைமேட்டிலிருந்தும் வருகிறது. அதை அளந்து, அதைக் குறைத்ததற்கே மதிப்பெண் தர வேண்டும்.

பிஎம் 2.5க்கு இந்தியா வைத்திருக்கும் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். அமெரிக்கா 2024இல் தன் வரம்பை 12லிருந்து 9 ஆக இறக்கியது. நம் 40 வகுக்கப்பட்டது 2009இல். மேலே சொன்ன மனித ஆய்வுகளில் மெக்சிகோ உடற்கூறாய்வைத் தவிர மற்ற எல்லாமே அதற்குப் பிறகு வெளிவந்தவை. அந்த வரம்பைத் திருத்த உட்காரும் நிபுணர்களின் மேசையில் நுரையீரல், இதயக் கணக்குகளோடு மூளையின் கணக்கும் இருக்க வேண்டும்.